விதை காத்தவர் பட்டினியில் மாண்டார்

சந்தையில் கூடை கூடையாகத் தக்காளி குவிந்து கிடக்கிறது. உருண்டை, நீளம், சிவப்பு, மஞ்சள்! பார்த்தால் ஆயிரம் ரகம் என்று தோன்றும். உருவத்தில்தான் ஆயிரம், உள்ளே எல்லாம் நெருங்கிய பங்காளிகள். தென் அமெரிக்காவில் பெரு, ஈக்வடார் நாடுகளில் காட்டுத் தக்காளிகள் இன்றும் தாமாக முளைக்கின்றன. அவற்றில் ஒன்றின் பழம் நம் மணத்தக்காளியைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். அந்தக் காட்டுச் செடிகளிடம் இருக்கும் மரபு வேறுபாட்டில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தோட்டத் தக்காளியிடம் இல்லை என்று ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஸ்பானியர் கப்பலேற்றிக் கொண்டுபோன கொஞ்ச விதையின் சந்ததிதானே உலகெங்கும் பரவியது!

அதனால் என்ன கேடு என்று கேட்கலாம். ஒருவனைச் சாய்க்கும் நோய் பங்காளிகள் அத்தனை பேரையும் சாய்த்துவிடும் என்பதுதான் கேடு. அயர்லாந்தின் ஏழை மக்கள் பெரும்பாலும் ஒரே ரக உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தார்கள். 1845-ல் அதில் நோய் விழுந்தது. பஞ்சத்திலும் அதோடு வந்த கொள்ளைநோயிலும் சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தனர். தக்காளிக்கும் வாடல் நோய் வந்தது. அதற்கு மாற்று எங்கே கிடைத்தது தெரியுமா? அந்தச் சின்னஞ்சிறு காட்டுத் தக்காளியிடம்! 1930-களின் இறுதியில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதன் எதிர்ப்புச் சக்தியைத் தோட்டச் செடிக்குள் கலந்தார்கள்.

பயிர்களின் காட்டு உறவுகளையும், ஊருக்கு ஊர் குடியானவன் வைத்திருக்கும் நாட்டு விதைகளையும் தேடிச் சேர்த்தாக வேண்டும் என்று உலகுக்கு உணர்த்தியவர் நிக்கொலாய் வவிலோவ். அவர் கதையை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முழுக் கதையையும்!

1887-ல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை குடியானவர் குடும்பத்திலிருந்து வந்து துணி வியாபாரத்தில் முன்னேறியவர். மகனோ விவசாயக் கல்விக்குப் போனார். 1916-ல் ஈரானில் இருந்த ருஷ்யப் படை வீரர்கள் ரொட்டி தின்று மயங்கி விழுந்தபோது இவரை அனுப்பினார்கள். கோதுமையில் கலந்திருந்த நச்சுக் களைவிதைதான் காரணம் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு வீடு திரும்பினாரா? இல்லை, குதிரையேறிப் பாமீர் மலைக்குப் போய் விதை திரட்டினார். மனிதர் அப்படி!

புரட்சிக்குப் பின் 1921-ல் வால்கா நதிப் பகுதியைப் பஞ்சம் வாட்டியது. அந்த ஆண்டே விதை தேடி அமெரிக்கா சென்றார். பிறகு ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, சீனா, ஜப்பான், மெக்சிகோ, பெரு என்று ஐந்து கண்டங்களில் சுற்றினார். ஒரு பயிரின் வகைகள் எங்கே மிகுதியோ, அங்கேதான் அதன் பிறப்பிடத்தைத் தேட வேண்டும் என்று 1926-ல் எழுதினார். லெனின் பரிசு கிடைத்தது. அவரும் தோழர்களும் லெனின்கிராட் நிலையத்தில் சேர்த்த மாதிரிகள் சுமார் இரண்டரை லட்சம்.

இனி எழுதுவது கசப்பானது. நல்ல ரகம் ஒன்றை உருவாக்கப் பல ஆண்டு பிடிக்கும் என்றார் வவிலோவ். லைசென்கோ என்பவர் சில ஆண்டுகளில் செய்து காட்டுகிறேன் என்றார். விதையைக் குளிரில் பழக்கினால் பயிரின் குணமே மாறிச் சந்ததிக்கும் தொடரும் என்பது அவர் கட்சி. மரபணு என்ற ஒன்றே இல்லை என்றும் சாதித்தார். ஸ்டாலினின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. 1940 ஆகஸ்டில், மேற்கு உக்ரைனில் செடி சேகரித்துக்கொண்டிருந்த வவிலோவைக் கைது செய்தார்கள். ஒற்றன், நாசவேலைக்காரன் என்று குற்றம் சாட்டி, 1941 ஜூலையில் மரண தண்டனை விதித்தார்கள். அடுத்த ஆண்டு அது இருபதாண்டுச் சிறையாயிற்று.

செங்கொடியின் பெயரால் நடந்த அநீதி இது. பகைவன் எழுதிக்கொள்ளட்டும் என்று நாம் விட்டுவிட முடியாது. நாமே எழுதுகிறோம்.

அதே காலத்தில் ஹிட்லரின் படை லெனின்கிராடை வளைத்தது. முற்றுகை 872 நாள் நீடித்தது. நகரில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தனர். வவிலோவின் நிலையத்திலோ அரிசி இருந்தது, கோதுமை இருந்தது, கடலை இருந்தது. காவலிருந்தவர்கள் ஒரு பிடி எடுக்கவில்லை. எலியை விரட்டிக்கொண்டே செத்தார்கள். அரிசி விதைகளைக் காத்த திமித்ரி இவனோவ் பட்டினியால் இறந்தபோது, ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் இருந்தன. கடலை விதைகளுக்குப் பொறுப்பான ஷ்சூக்கின் எழுதும் மேசையிலேயே சாய்ந்தார். தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

தலைவர் சரத்தோவ் சிறையில் இருந்தார். ஒருகாலத்தில் அவர் பேராசிரியராக இருந்த நகரம் அது. அவர் மனைவி யெலேனாவும் இளைய மகனும் போரினால் இடம்பெயர்ந்து அந்த நகரத்துக்கே வந்திருந்தார்கள். கணவர் பக்கத்துச் சிறையில் இருப்பது அந்த அம்மைக்குத் தெரியாது. மாஸ்கோவில் இருப்பதாக எண்ணி உணவுப் பொட்டலங்களை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார். 1943 ஜனவரி 26-ல் வவிலோவ் அந்தச் சிறையில் பட்டினியால் உடல் நொறுங்கி இறந்தார். வயது 55.

1955-ல் தண்டனை செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது. 1967-ல் லெனின்கிராட் நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இன்று பீட்டர்ஸ்பர்க் என்று மீண்டும் அழைக்கப்படும் அந்த நகரில், அதே கட்டடத்தில் அந்த நிலையம் இயங்குகிறது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளை அது வைத்திருக்கிறது.