சர் பிரடெரிக் நிக்கல்சன்

சென்னைக்கு வடக்கே, வங்கக் கடலை ஒட்டிப் பரந்து கிடக்கின்றது பழவேற்காட்டு ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாக விரிந்துள்ள இவ்வேரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் கரையிலுள்ள குப்பங்களில் வாழும் மீனவர், நீண்ட காலமாக ஓர் அரிய வழக்கத்தைக் காத்து வருகின்றனர். ஏரியில் மீனும் இறாலும் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவ்விடங்களைத் தனியொருவர் தமக்கென உரிமை கொண்டாடுவதில்லை. இன்ன நாளில் இன்னார் வலை விரிப்பது என்று முறை வகுத்துக்கொள்கின்றனர். இதற்குப் 'பாடு' என்பது பெயர்.

நீரைப் பகிர்ந்துகொள்ள அறிந்த இம்மக்களுக்கும் தொல்லை தந்த ஒன்று உண்டு; அதுவே கடன். தோணிக்கும் வலைக்கும் பணம் வேண்டும். புயலடிக்கும் நாளிலும், முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வரத்துக் குறையும் காலத்திலும் உலை வைக்க அரிசி வேண்டும். முன்பணம் தரும் வணிகரிடமே பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டிய நிலை கடற்கரையெங்கும் இருந்தது. மீன் வலையில் விழுமுன்னரே அதன் விலை கடன் கணக்கில் விழுந்துவிடும். உள்நாட்டு உழவரின் நிலையும் இதனின் வேறன்று. ஈடு வைக்கப் பொருளற்ற ஏழைக்கு, நியாயமான வட்டியில் கடன் கிடைப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சர் பிரடெரிக் நிக்கல்சன்.

நிக்கல்சன் 1846ஆம் ஆண்டில் பிறந்தவர், ஆங்கிலேயர். ஆட்சிப் பணியை மேற்கொண்டு இளமையிலேயே சென்னை மாகாணத்திற்கு வந்தார். அவர் பணியாற்றிய காலத்தில், 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் உயிரிழந்தனர். கோவை மாவட்டத்தைப் பற்றி அவர் விரிவான நூலொன்றைத் தொகுத்தார். அது 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. மண், நீர், கிணறு, கால்நடை, பயிர், குடிகளின் வாழ்க்கை ஆகிய அனைத்தையும் அதில் நுணுகி ஆராய்ந்திருந்தார். ஊரை அறியாமல் ஊருக்கு நன்மை செய்தல் இயலாது என்பது அவருடைய போக்கு.

1892ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தது. ஐரோப்பிய நாடுகளில் உழவருக்குக் கடன் வழங்கும் வங்கிகள் எவ்வாறு நடைபெறுகின்றன, அவற்றுள் எது நம் நாட்டிற்குப் பொருந்தும் என்று ஆராய்ந்து கூறுவதே அப்பொறுப்பு. அவருடைய அறிக்கை 1895ஆம் ஆண்டிலும் 1897ஆம் ஆண்டிலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. அயல்நாட்டு வங்கிகளோடு அவர் நின்றுவிடவில்லை. சென்னை மாகாணத்தில் மக்கள் தாமே சிறுதொகை சேர்த்து நடத்திவந்த நிதிகளையும் ஆராய்ந்தார். நம் மக்களிடம் சிக்கனமும் கூடி இயங்கும் இயல்பும் உண்டு என்பதற்கு அந்நிதிகள் அவருக்குச் சான்றாயின.

அவ்வாராய்ச்சியில் அவர் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவர், செர்மனி நாட்டைச் சேர்ந்த ரைபைசன் என்பவர். ரைபைசன் சிற்றூர்களின் தலைவராக இருந்தவர். 1846-47ஆம் ஆண்டுகளில் அங்கே விளைச்சல் பொய்த்து மக்கள் பசியால் வாடியபோது, ஊராரைக் கூட்டி மாவு வாங்கி, பொது அடுப்பில் ரொட்டி சுட்டுக் குறைந்த விலைக்கு வழங்க வழி செய்தார். பின்னர்ச் செல்வரின் உதவியால் ஏழைகளுக்குக் கடன் வழங்கும் சங்கங்களையும் அமைத்தார். ஆனால், கொடுப்போர் ஒருபுறமும் பெறுவோர் மறுபுறமுமாக நிற்கும் சங்கம் நெடுநாள் நிலைக்காது என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்தார். ஆகவே, கடன் பெறுவோரே உறுப்பினராகித் தம் சங்கத்தைத் தாமே நடத்தும் முறையை வகுத்தார்.

அம்முறை மிக எளியது. சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூர். எனவே, உறுப்பினர் ஒருவரையொருவர் நன்கு அறிவர். உழைப்பாளி யார், ஊதாரி யார் என்பது ஊரார்க்குத் தெரியாததன்று. சங்கம் படும் கடனுக்கு உறுப்பினர் அனைவரும் பொறுப்பாவர். ஒருவர் கடனைத் திருப்பவில்லையெனின், அச்சுமை மற்றவர் தலையில் ஏறும். ஆதலின், பெற்ற கடன் நல்வழியில் செலவாகின்றதா என்பதை எல்லாரும் கவனிப்பர். தனித்து நிற்கையில் ஈடு காட்ட இயலாத ஏழைகள், ஒன்றுபட்டு நிற்கையில் தம் நாணயத்தையே ஈடாகக் காட்டினர்.

நிக்கல்சன் தம் நீண்ட அறிக்கையின் முடிவை, ரைபைசனைத் தேடுக என்னும் கருத்தில் அடக்கினார். பணத்தைத் தேடுமுன் நல்ல மனிதரைத் தேட வேண்டும். ஊராரோடு ஊராராய் நின்று அவர்களை ஒன்றுசேர்க்கும் தொண்டர் வேண்டும் என்பதே அதன் பொருள். இந்த அறிவுரையை அரசாங்கம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1899-1900ஆம் ஆண்டில் மீண்டும் கடும் பஞ்சம் நேர்ந்தது. அதனை ஆராய அமைந்த குழுவில் நிக்கல்சனும் ஓர் உறுப்பினரானார். உழவரின் கடன் தொல்லையைக் கூட்டுறவுச் சங்கங்களால் நீக்கலாம் என்று 1901ஆம் ஆண்டில் அக்குழு எடுத்துரைத்தது. அதன் பயனாக 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே, அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திரூரில் சிற்றூர்க் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. திரூரும் பழவேற்காடும் இன்று ஒரே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன.

பணியினின்று ஓய்வு பெற்ற பின், பலரும் தாய்நாடு திரும்பி இன்புற்று வாழ்வர். நிக்கல்சனோ மீனவரை நோக்கித் திரும்பினார். 1905ஆம் ஆண்டு முதல் ஊதியம் பெறாமலேயே மாகாணத்தின் மீன்வளத்தை ஆராய முற்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது. சிறு தோணிகளைக் கொண்டே பெருவளம் காணும் சப்பானிய மீனவரின் முறைகளை அந்நாட்டிற்கே சென்று அறிந்து வந்தார். 1907ஆம் ஆண்டில் சென்னை மீன்துறை அவர் தலைமையில் அமைந்தது.

அத்துறையின் தொடக்கக் காலச் சோதனைகள் சில, பழவேற்காட்டிற்குத் தெற்கேயுள்ள எண்ணூரில் நடைபெற்றன. பின்னர் அப்பணி மேற்குக் கடற்கரையில் விரிவடைந்தது. அங்கே மத்தி மீன் குவியல் குவியலாகக் கிடைக்கும் நாளில், விற்க வழியின்றிக் கரையிலேயே அழுகுவதுண்டு. அம்மீனைக் கொதிக்கவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுக்கவும், எஞ்சிய சக்கையை எருவாக்கவும் சிறு முதலில் நடத்தக்கூடிய எளிய முறையை நிக்கல்சன் செய்து காட்டினார். அதனைக் கண்ட கரையோர மக்கள் தாமே பல சிறு தொழிற்சாலைகளைத் தொடங்கினர். மீனைத் தூய்மையாக உப்பிட்டுக் காக்கும் முறைகளையும் அவர் ஆராய்ந்து எழுதினார். அத்துறையில் அவருக்குத் துணைநின்ற ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் அறிஞர், உணவுக்குரிய சிப்பியை வளர்க்கும் முயற்சியைப் பழவேற்காட்டு ஏரியிலேயே மேற்கொண்டார்.

பெரிய கப்பல்களை வரவழைத்து மீன் பிடித்தால் விரைவில் பெரும்பொருள் ஈட்டலாம் அன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். நிக்கல்சன் அவ்வழியை முதன்மையாகக் கொள்ளவில்லை. மீனவரை ஒதுக்கிவிட்டு மீன்வளத்தைப் பெருக்குவதால் மீனவர்க்கு என்ன பயன்? அவர்கள் அறிந்த தொழிலிலிருந்தே தொடங்கி, அவர்கள் தாங்கக்கூடிய அளவில் படிப்படியாக முன்னேற்றுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

முதுமைக் காலத்தில் நிக்கல்சன் நீலகிரியிலுள்ள குன்னூரில் வாழ்ந்தார். 1936ஆம் ஆண்டில், ஏறத்தாழத் தொண்ணூறு வயதில் மறைந்தார்.

அவர் விதைத்த விதை எங்கும் ஒரே வகையாக முளைக்கவில்லை. சங்கங்களின் எண்ணிக்கை பெருகிற்று. ஆயினும், 1951-52ஆம் ஆண்டில் இந்திய உழவர் பெற்ற கடனில், கூட்டுறவுச் சங்கங்கள் வழங்கியது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே என்று ஓர் ஆய்வு காட்டியது. பல சங்கங்கள் மேலிருந்து இறங்கிய ஆணையால் தோன்றின. ஊராரின் உள்ளத்திலிருந்து எழவில்லை. மனிதரை முதலில் தேடுக என்று நிக்கல்சன் கூறிய அறிவுரை மறக்கப்பட்ட இடங்களில், பதிவேடு இருந்தது, கூட்டுறவு இல்லை.

அவ்வறிவுரை நினைவுகூரப்பட்ட இடங்களில் நற்பயன் விளைந்தது. 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் ஏழை மகளிர் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து, வாரந்தோறும் சிறுதொகை சேமித்து, தமக்குள்ளேயே கடன் வழங்கும் திட்டம் தொடங்கியது. அவ்வகைக் குழுக்கள் பின்னர்த் தமிழ்நாட்டின் ஊர்தோறும் பரவின. ஒருவரையொருவர் அறிந்தோர் கூடுதல், கூடியோர் பொறுப்பேற்றல், பொறுப்பேற்றோர் ஒருவரையொருவர் காத்தல் என்னும் பழைய அடிப்படைகளே அக்குழுக்களையும் தாங்கி நிற்கின்றன.

பழவேற்காட்டு மீனவர் ஏரியைப் பங்கிட்டுக்கொள்ள எவரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பண்பு எளிய மக்களிடம் இயல்பாகவே அமைந்துள்ளது. அதனை மதித்து, அதன்மேல் புதிய அறிவையும் நல்ல முறைகளையும் எழுப்புவதே ஊர்த்தொண்டு. ஏழைக்குப் பொருள் கொடுத்து உதவுவது ஒருநாள் உதவி. அவரோடு சேர்ந்து நின்று, அவர் தம் காலில் நிற்கும் வழியைக் காண்பது வாழ்நாள் உதவி. நிக்கல்சனின் வாழ்க்கை நமக்குப் புகட்டும் பாடம் இதுவேயாகும்.