மலைநாட்டின் மந்திரி: சௌமியமூர்த்தி தொண்டமான்

எவருடைய வாக்கு இல்லாவிடில் அரசாங்கம் கவிழுமோ அவருக்கு மந்திரி பதவி கொடுப்பது அரசியல் உலகின் வழக்கம். வாக்குத் தேவைப்படாத ஒருவரை அழைத்து ஆசனம் அளிப்பது அபூர்வம். 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் 168 ஆசனங்களுள் 140ஐக் கைப்பற்றிய ஐக்கிய தேசியக் கட்சிக்கு எவருடைய துணையும் வேண்டியிருக்கவில்லை. ஆயினும் 1978 செப்டெம்பரில், தமது ஸ்தாபனத்தின் ஒரேயொரு பிரதிநிதியாகச் சபையில் இருந்த ஒருவரை அக்கட்சி மந்திரி சபையிற் சேர்த்துக்கொண்டது. அவரே அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1931 முதல் 1936 வரை முதலாவது மந்திரி சபையில் அட்டன் பிரதிநிதி பெரி. சுந்தரம் அவர்கள் தொழில் மந்திரியாக இருந்தார். அதன் பின் நாற்பத்திரண்டு ஆண்டுகளாக மலையகத் தமிழர் எவரும் அமராத இடத்தில் அன்று மீண்டும் ஒருவர் அமர்ந்தார். இடைப்பட்ட காலத்தில் அம்மக்கள் பட்ட பாட்டை அறிந்தாலன்றி அந்த ஆசனத்தின் பெறுமதி விளங்காது.

தமிழ்நாட்டின் தென்பாகத்துக் கிராமமொன்றில் 1913 ஆகஸ்டு 30ஆம் நாள் பிறந்த தொண்டமான், பதினொரு வயதிற் கடல் கடந்து இலங்கை வந்தார். அவருக்கு முன்னரே வந்து, தோட்டத்தில் உழைத்துப் பெரிய கங்காணியாக உயர்ந்த தந்தையார் கருப்பையா, றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கியிருந்தார். மகன் கம்பளை அந்திரேயர் கல்லூரியிற் கல்வி பயின்றார். தோட்டத்துரையின் பங்களாவில் வாழ்ந்த தமிழ்ச் சிறுவன், லயத்தில் வாழ்ந்த தமிழரின் நிலையைக் கண்டு வளர்ந்தான். 1927இல் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது மலைநாடெங்கும் எழுந்த உணர்ச்சி அவ்விளம் உள்ளத்திலும் ஆழப் பதிந்தது.

1939 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்திருந்த வேளையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. மறு ஆண்டு அதன் தொழிற்சங்கம் உருவாயிற்று. கம்பளைக் கிளையிற் பணி தொடங்கிய தொண்டமான் 1945இற் காங்கிரஸின் தலைவரானார். தோட்டச் சொந்தக்காரர் தொழிலாளரின் தலைவராவது விந்தைதான். அவ்விந்தையை எதிரிகள் அவர் வாழ்நாள் முழுவதும் சுட்டிக்காட்டினர். தொழிலாளரோ அதனைப் பொருட்படுத்தவில்லை. துரைமார் முன் கைகட்டி நில்லாமல் நாற்காலியில் அமர்ந்து பேசக்கூடிய ஒருவரே அவர்களுக்கு அன்று வேண்டியிருந்தார்.

1947 தேர்தலிற் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவின் பிரதிநிதியானார் தொண்டமான். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. அந்த வெற்றியே வினையாகவும் முடிந்தது. சுதந்திரம் கிடைத்த அதே 1948இற் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. மூன்று தலைமுறையாகத் தேயிலையும் றப்பரும் வளர்த்து நாட்டின் கருவூலத்தை நிரப்பிய மக்கள், ஒரு தேசத்துக்கும் உரியவரல்லாதவராயினர். 1952 தேர்தலிற் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. அவ்வாண்டு கொழும்பில் நிகழ்ந்த சத்தியாக்கிரகம் பல மாதங்கள் நீடித்தும் சட்டம் அசையவில்லை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தும், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பிரஜைகளாகப் பதியப்பட்டவர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

இத்தோல்வியிலிருந்து தொண்டமான் கற்ற பாடமே அவருடைய பிற்கால அரசியல் அனைத்துக்கும் அத்திவாரம். வாக்குச்சீட்டு இல்லாத மக்களிடம் எஞ்சியிருந்தது உழைப்பு ஒன்றுதான். கொழுந்து பறிக்கும் கை ஒரு வாரம் ஓய்ந்தால் நாட்டின் அந்நியச் செலாவணி ஆட்டங்காணும். ஆகவே, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்னும் புதுப் பெயர் பூண்ட சங்கத்தைக் கட்டிக்காப்பதும், எந்த அரசாங்கம் அமைந்தாலும் அதனோடு பேசக்கூடிய நிலையில் அதனை வைத்திருப்பதுமே அவரது வழியாயிற்று. 1950களின் நடுவில் அப்துல் அஸீஸ் பிரிந்து சென்று வேறு சங்கம் கண்டபோதும் அவ்வழி மாறவில்லை.

1960 ஜூலைத் தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியை ஆதரித்து, நியமன அங்கத்தவராகச் சபை புகுந்தார். ஆனால் 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 நாடற்றோரை எண்ணிக்கையாற் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு பேச்சுக்கு. சம்பந்தப்பட்ட மக்களை ஒரு வார்த்தை கேளாமற் செய்த இந்தப் பாகப் பிரிவினையைத் தொண்டமான் எதிர்த்தார்.

1965இல் டட்லி சேனநாயக்க அமைத்த தேசிய அரசாங்கம் இலங்கையின் கூட்டாட்சி வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. ஐக்கிய தேசியக் கட்சி, தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், ஸீ. பீ. டி சில்வாவின் பிரிவினர், பிலிப் குணவர்த்தனாவின் கட்சி என ஒன்றோடொன்று முரண்பட்டவர்கள் ஒரே பக்கத்தில் அமர்ந்தனர். திருச்செல்வம் மந்திரியானார். தொண்டமானுக்கு மீண்டும் நியமன ஆசனமே கிடைத்தது. அரசாங்கத்தைத் தாங்கும் தூண்களுள் ஒன்றாக இருந்தும், அரசாங்கத்தின் உள்ளே அவருக்கு இடமில்லை.

1970இன் பின் அந்த ஆசனமும் இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பட்டினிச் சாவாக வெளிப்பட்டது. தோட்டங்கள் அரசுடைமையானபோது பல குடும்பங்கள் வீதிக்கு வந்தன. 1972இல் வடகிழக்குத் தமிழ்த் தலைவர்களோடு கைகோத்துத் தமிழர் கூட்டணியில் ஒரு தலைவராகத் தொண்டமானும் நின்றார். எனினும் 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது அவருடைய காங்கிரஸ் அதனோடு செல்லவில்லை. நாலாபுறமும் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த மலைகளில் வாழும் மக்களுக்கு, வடக்கில் எழும் எல்லைக்கோடு எவ்விதப் பாதுகாப்பும் தராது என்பதே அவருடைய கணக்கு.

1977 மே மாதம், தோட்டக் காணிகளைப் பறிப்பதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் நின்ற தொழிலாளருள் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். இரண்டு மாதங்களின் பின், நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் மூன்றாவது பிரதிநிதியாகத் தொண்டமான் தெரிவானார். முப்பது ஆண்டுகளின் பின் மக்கள் வாக்கால் வந்த ஆசனம் அது. ஜே. ஆர். ஜயவர்த்தன அவரை மந்திரி சபைக்கு அழைத்ததன் காரணத்தைச் சபையின் எண்ணிக்கையில் தேடிப் பயனில்லை. தேயிலைத் தோட்டங்களின் அமைதி அவர் கையில் இருந்தது. எதிர்க்கட்சி வரிசையைத் தமிழர் கூட்டணி நிரப்பியிருந்த வேளையில், அரசாங்கத்தின் பக்கத்திலும் ஒரு தமிழ்த் தலைவர் வேண்டியிருந்தார்.

அந்த ஆசனத்துக்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. 1983 ஜூலை வன்செயலில் மலைநாட்டுத் தமிழரும் தாக்கப்பட்டனர். மந்திரியாக இருந்தும் அதனைத் தடுக்க அவரால் இயலவில்லை. விலகியிருக்க வேண்டும் என்றோர் பலர். அவர் விலகவில்லை. அது சரியா என்ற கேள்விக்கு அதன் பின் வந்த மூன்று ஆண்டுகளே விடை. 1984 ஏப்ரலில் மந்திரியே தம் அரசாங்கத்துக்கு எதிராகத் தோட்ட வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் பிறந்தது. 1986 தைப்பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம் தொடங்கிற்று. காலை வேளையிற் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டுத் தொழிலாளர் வழிபாட்டில் அமர்ந்தனர். மூன்று மாதம் நடத்தத் திட்டமிட்ட அவ்வியக்கம் விரைவிலேயே பலன் தந்தது. அவ்வாண்டுச் சட்டத்தால் 94,000 பேரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகளாக வழி பிறந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் விரித்தது. வெளியே நின்று நாற்பதாண்டு கேட்டுக் கிடையாததை, உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று அவர் பெற்றார்.

1994இல் கணக்குத் தலைகீழாயிற்று. சந்திரிகா அம்மையாரின் பொதுசன முன்னணி 105 ஆசனங்களே பெற்றது. 225 பேர் சபையிற் பெரும்பான்மைக்கு 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரஸின் ஏழு சேர்ந்து 112 ஆயின. குறைந்த ஒன்றை நுவரெலியாவிற் சுயேச்சையாக வென்ற பெ. சந்திரசேகரன் நிரப்பினார். ஒருகாலத்தில் வாக்கே இல்லாதிருந்த மலைநாடு, அன்று ஓர் அரசாங்கத்தையே நிலைநிறுத்தியது. ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியலில் வந்திருந்த தொண்டமானும் பின்னர் புதிய அரசாங்கத்தோடு இணைந்து மந்திரியாகத் தொடர்ந்தார். நான்கு ஜனாதிபதிகளின் கீழ் இடைவிடாது பதவி வகித்தமை சிலருக்குச் சாணக்கியமாகவும் சிலருக்குச் சந்தர்ப்பவாதமாகவும் தோன்றியது.

இவ்விரு மதிப்பீட்டிலும் உண்மை உண்டு. லயங்கள் முற்றாக மறையவில்லை. தலைமையும் அவருக்குப் பின் பேரர் ஆறுமுகன் தொண்டமானையே அடைந்தது. தொழிற்சங்கமும் மந்திரி பதவியும் ஒரே கையில் இருப்பதால் விளையும் இடர்ப்பாட்டை மலையகம் நெடுங்காலம் உணர்ந்தது. ஆனால் மற்றொரு தட்டில் வைக்கவேண்டியது ஒன்று உண்டு. 1999 அக்டோபர் 30ஆம் நாள் அவர் மறைந்தார். மக்களை எண்ணிப் பங்கிட்ட ஒப்பந்தம் கைச்சாத்தாகி அன்றோடு முப்பத்தைந்து ஆண்டுகள். 2003இல் வந்த சட்டம் எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கும் முடிவு கட்டியது. இன்று அட்டனிலும் நுவரெலியாவிலும் தேர்தல் நாளிற் காலையிலேயே வரிசையில் நிற்கும் தொழிலாளியின் கையில் உள்ள வாக்குச்சீட்டு, இழந்ததைத் திரும்பப் பெற்ற சீட்டு. அதில் தொண்டமானின் உழைப்பும் உண்டு.