லூசி வில்ஸ் அம்மையார்

வேதகிரி மலையின் அடிவாரத்தில் விளங்கும் திருக்கழுக்குன்றத்திலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கருவுற்ற பெண்களுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் சிறு மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் அடங்கிய அவை விலையின்றிக் கிடைப்பவை. ஆதலின் அவற்றின் அருமையைப் பலர் உணர்வதில்லை. அவற்றுள் போலிக் அமிலத்தின் பயனை உலகம் அறிய வழிவகுத்தவர் லூசி வில்ஸ் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1888-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், இலண்டனில் பெண்களுக்கென அமைந்த மருத்துவப் பள்ளியில் பயின்று, 1920-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1928-இல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கடுமையான சோகை நோய்க்கு ஆளாயினர். உடல் வெளுத்தது, மூச்சு வாங்கியது, மகவைக் காணுமுன்னரே உயிர் துறந்தோரும் உளர். நோயின் காரணத்தை அம்மையார் அவர்கள் உண்ட உணவில் தேடினார். குன்னூரிலும், சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் கோஷா மருத்துவமனையிலும் அவ்வாய்வு தொடர்ந்தது.

சத்துக் குறைந்த உணவால் சோகையுற்ற குரங்கொன்றுக்கு, 'மார்மைட்' என்னும் ஈஸ்ட் சாறு கொடுக்கப்பட்டது. அது நலமுற்றது. கருவுற்ற பெண்களுக்குக் கொடுத்தபோதும் நோய் தணிந்தது. இவ்வுண்மையை அம்மையார் 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் மறைந்திருந்த சத்துப்பொருளை 1941-இல் பசலைக்கீரையிலிருந்து அறிஞர் பிரித்தெடுத்தனர். இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்குப் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அம்மையார் 1964-இல் இயற்கை எய்தினார்.

மருந்து கிடைத்தால் மட்டும் போதாது. அதனை உண்ணும் முறையும் அறிதல் வேண்டும். நம் நாட்டில் கருவுற்ற நான்காம் திங்கள் முதல் 180 நாள் இம்மாத்திரை தரப்படுகிறது. குமட்டலும் மலம் கறுத்தலும் கண்டு அஞ்சி, அதனை இடையில் நிறுத்துவோர் உளர். இரும்புச் சத்தினால் மலம் கறுத்தல் இயல்பே. குமட்டல் மிகுந்தால் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். தாமே நிறுத்துதல் தகாது. தேநீருடன் உண்டால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேராது. பிறர் சொற்கேட்டு வேறு மருந்துகளைக் கடையில் வாங்கி உண்பதும் தீங்காகும். தாய் உண்ணும் மருந்து கருவிலுள்ள சேயையும் சென்றடையலாம். ஆதலின் ஐயம் தோன்றும்போதெல்லாம் மருத்துவரைக் கேட்டுத் தெளிதல் தாய்க்கு உரிமை. சேய்க்குச் செய்யும் முதற் கடமையும் அதுவே.