செண்டா பெரன்சன்: பெண்களே பெண்களைப் பயிற்றுவித்த காலம்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் வலைப்பந்தாட்டம் ஆடும் மாணவியருக்கு, ஆடுகளம் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பது புதினமன்று. வலைப்பந்தாட்டத்தின் தாய் கூடைப்பந்தாட்டம். அதனை மூன்று பிரிவுகள் கொண்ட களத்தில் பெண்களை ஆடச் செய்தவர்களுள் முதன்மையானவர் செண்டா பெரன்சன்.

1868 இல் லித்துவேனியாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், 1875 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு வந்து சேர்ந்தார். நலிந்த உடல். முதுகுவலியால் பியானோப் பயிற்சியையே கைவிட நேர்ந்தது. உடல் தேறட்டும் என்றுதான் 1890 இல் உடற்பயிற்சி ஆசிரியர் கல்லூரியொன்றில் சேர்ந்தார். 1892 இல் ஸ்மித் மகளிர் கல்லூரியின் ஆசிரியையானார்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசெம்பரில் உருவாக்கிய ஆட்டத்தைப் பற்றி வாசித்தறிந்த பெரன்சன், அதனைத் தம் மாணவியருக்கு ஏற்ப மாற்றினார். எதிரணியினரின் கையிலிருந்து பந்தைப் பறிப்பது தடுக்கப்பட்டது. 1893 மார்ச் 22 இல் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவியர் மோதினர். ஆண்களுக்கு அனுமதியில்லை. தொடக்கத்தில் அவர் பந்தை மேலே எறிந்தபோது ஓர் அணித்தலைவியின் தோள்மூட்டு விலகியதாம். ஆயினும் ஆட்டம் நிற்கவில்லை!

பெண்களை மெல்லியலாராகக் கருதிய விதிகள் அவை என்ற விமர்சனம் நியாயமானதே. எனினும் கற்பித்தவரும் பெண், விதி வகுத்தவரும் பெண். 1911 இல் திருமணத்துடன் ஸ்மித்திலிருந்து விலகிய பெரன்சன், 1954 இல் காலமானார். நெய்ஸ்மித் பெயரிலான புகழரங்கில் பெண்களுக்கு இடம் கிடைத்த முதல் ஆண்டான 1985 இல் அவரும் சேர்க்கப்பட்டார்.

அதற்குள் நிலைமை மாறிவிட்டது. 1972 இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், கல்லூரிகளில் பெண்களின் விளையாட்டுக்கும் உரிய இடத்தை உறுதிசெய்தது. அதற்கு முன் கல்லூரி மகளிர் அணிகளின் பயிற்றுவிப்பாளர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் பெண்கள். 2014 இல் அது ஏறத்தாழ 43 சதவீதம். பதவிக்குச் சம்பளமும் மதிப்பும் வந்தன. கூடவே ஆண்களும் வந்தனர்.

எமது தமிழ், முஸ்லிம் பெற்றோர் பலர் மகளை மைதானத்துக்கு அனுப்புமுன் கேட்பது, பழக்குபவர் யார் என்பதையே. பதிலில் திருப்தியில்லையெனில் பருவமெய்திய சிறுமியின் விளையாட்டு அத்தோடு முடிந்தது. இதற்குப் பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. தர்ஜினி சிவலிங்கத்தின் கோல்களுக்குக் கைதட்டும் நாம், ஆடி முடித்த வீராங்கனைகளுக்குப் பயிற்றுவிப்பாளர் சான்றிதழும் நிரந்தர நியமனமும் கிடைக்க வழியென்ன என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் கேட்டதுண்டா?