கற்பிட்டி தந்த காசிச்செட்டி

ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ, ஒல்லாந்தர் கோட்டையைத் தாங்கி நிற்கும் கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. புலவர் வரலாறு தொகுத்த முன்னோடி என்றே பலரும் அவரைப் போற்றுவர். யானோ, பிழை புகும் வாயிலை முன்னரே அடைக்க முயன்ற உத்தியோகத்தர் என்றும் அவரைப் போற்றுகின்றேன்.

இளமையிலேயே அவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்தார். அப்பணியின் அருமை சொல்லுந் தரத்ததன்று. சாட்சி தன் தாய்மொழியிற் கூறுவான். நீதிபதி ஆங்கிலத்திற் கேட்பார். இடையில் ஒரு சொல் பிறழின் ஏழையொருவனின் காணி பறிபோகலாம். தீர்ப்பெழுதிய பின் அப்பிழையைக் கண்டு பயன் யாது?

பின்னர் அவர் புத்தளத்து மணியகாரரானார். கந்தோர்க் கடிதங்களில் ஊர்ப்பெயர்கள் விளைத்த மயக்கத்தை அவர் நன்கறிந்திருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. தமிழருக்குச் சிலாபம், சிங்களவருக்கு ஹலாவத்த, ஆங்கிலேயருக்குச் சிலோ. கற்பிட்டியையோ ஆங்கிலேயர் கல்பென்டைன் என்றெழுதினர். ஓரூரே ஈரூராய்த் தோன்றின் கணக்கும் கட்டளையும் ஒருங்கே தவறும். 1834இல் அவர் வெளியிட்ட ‘சிலோன் கசற்றியர்’ இலங்கையின் ஊர், ஆறு, துறைமுகம் ஆகியவற்றை அகரவரிசையில் நிறுத்திற்று. எழுதுபவன் ஊகிக்க வேண்டுவதில்லை. ஏட்டைப் புரட்டினாற் போதும். திருத்துவோரை மிகுப்பதினும் தவறுதற்கு இடங்கொடாத ஒழுங்கை அமைப்பதே சிறப்பென்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

1838இல் அவர் சட்டநிரூபண சபையிற் புகுந்தார். 1845இல் சிவில் சேவையில் சேர்ந்து, பின்னர் சிலாபத்து நீதிபதியாகவும் கடமையாற்றினார். 1859இல் ‘தமிழ் புளூராக்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

அந்நூலிற் குறையில்லையோ எனின், உண்டு. கன்னபரம்பரைக் கதைகள் சில வரலாறாகவே அதில் இடம்பெற்றுள்ளன. பின்வந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை அதனைத் துணைக்கொண்டே ‘பாவலர் சரித்திர தீபகம்’ இயற்றினார். முதல் ஏட்டின் வழு வழிநூலிலும் தொடரக்கூடுமென்பதை நாம் மறத்தலாகாது. 1946இல் வந்த இரண்டாம் பதிப்புக்குத் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் குறிப்புரை வரைந்தார். பெயரும் செய்தியும் ஒழுங்குபட நின்றமையாலன்றோ ஆராய்ந்து திருத்துதலும் எளிதாயிற்று!

பதிவேடு எழுதும் எழுதுவினைஞரும், புள்ளி வழங்கும் ஆசிரியரும், ஆராயும் மாணவரும் இப்பெரியாரிடம் கற்கத்தக்கது இதுவே: பிழை செய்தவனைத் தேடுமுன், பிழைக்கு இடந்தந்த முறையைத் தேடுக.