வைத்திய மேதை எல்லப்பிரகடா சுப்பாராவ்

பரீட்சையிற் தவறிய மாணவனை உலகம் விரைந்து எடைபோட்டு விடுகின்றது. கண்டி மஹய்யாவப் பகுதியிலே ஆசிரியத்தொழில் புரியும் நாமும் சிற்சில வேளைகளில் அப்பிழையைச் செய்ததுண்டு. ஆதலின், சுப்பாராவ் அவர்களின் சரிதத்தை இவ்விழா மலரிற் கூற விழைந்தோம்.

அன்னார் 1895 ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமவரத்திற் பிறந்தார். மெட்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறினார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தர பாடசாலையிற் பயின்று மூன்றாம் முறை தேறினார். பின்னர் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கில ஆட்சிக்காலத்திற் கதர் அங்கி அணிந்தமையால் பேராசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப்பட்டம் பெறாது, தாழ்ந்த தரச் சான்றிதழே பெற்றார்.

ஸ்புரு என்னும் குடல்நோய் அவர்தம் தமையனாரின் உயிரைக் கவர்ந்தது. அந்நோய்க்கு மருந்து காணும் வேட்கையுடன் அமெரிக்கா சென்று, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி புரிந்தார். ஆயினும் நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940 இல் லெடர்லி மருந்து நிறுவனத்தை அடைந்தார். அங்கு அவர்தம் குழுவினர் 1945 இல் போலிக்கமிலத்தை ஆக்கினர். ஸ்புரு நோயிற் குன்றிய குருதியைத் தேற்றும் மருந்து அதுவே.

இங்கு ஒரு விந்தை நிகழ்ந்தது. இரத்தப் புற்றுநோயில் வெண்குழியங்கள் முதிராமலே பெருகுகின்றன. போலிக்கமிலம் அப்பெருக்கத்துக்கு உணவாகின்றது எனப் பொஸ்ரன் நகர வைத்தியர் சிட்னி பாபர் கருதினார். அதனைத் தடுக்கும் அமினோப்ரெறின் என்னும் மருந்தைச் சுப்பாராவ் குழுவினர் ஆக்கி அளித்தனர். அதனை உட்கொண்ட 16 சிறாருள் 10 பேர் சிலகாலம் நலமுற்றனர் என்னும் செய்தி 1948 யூனில் வெளிவந்தது. அதன் வழிவந்த மெதோட்ரெக்சேற் இன்றும் வழங்கி வருகின்றது.

குழியங்கள் முதிராமைக்குரிய காரணம் பிற்காலத்தே துலங்கிற்று. பிறழ்ந்த சில புரதங்கள், முதிர்ச்சியைத் தூண்டும் பரம்பரையலகுகளை அடக்கிவிடுகின்றன. இந்நோயின் ஒரு வகையில், இரு பரம்பரையலகுகள் முறிந்து ஒட்டுவதால் அத்தகைய புரதம் தோன்றுகின்றது. விற்றமின் ஏ யின் அமிலவடிவம் அத்தடையை நீக்கிக் குழியங்களை முதிரச் செய்யுமென்பதைச் சாங்காய் வைத்தியர்கள் 1988 இல் நோயாளரிடத்துக் காட்டினர். ஒருகாலத்தில் விரைந்து கொன்ற அவ்வகையினின்று இன்று பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

நம் நாடும் சுப்பாராவுக்குக் கடன்பட்டதே. அவர் தலைமையில் உருவான டைஎதில்காபமசீன் என்னும் மருந்து இங்கு யானைக்கால் நோயை ஒழிக்கப் பயன்பட்டது. இலங்கையில் அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்று நீங்கியதென 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

1948 ஆகஸ்டில், 53 ஆம் வயதில், அன்னார் நியூயோர்க்கிற் காலமானார். இருமுறை தவறிய மாணவனை அன்று பாடசாலை கைவிட்டிருப்பின் உலகம் எத்துணை இழந்திருக்கும்! மாணவர்காள், தளரற்க, ஆசிரியர்காள், நாம் விரைந்து தீர்ப்பெழுதாதிருப்போமாக.