முதல் மேட்ச்சில் இவருக்குப் பதிலாக வேறொருவர் பேட் பிடித்தார்: பேப் ரூத் பிட்சரா, ஹிட்டரா?

1914 ஜூலை 11, சனிக்கிழமை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள ஃபென்வே பார்க் மைதானம். பால்டிமோரிலிருந்து அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கிய 19 வயது இளைஞர், மதியமே பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காகப் பந்து வீசுகிறார். எதிரணி கிளீவ்லாந்து. முதலில் ஆட வந்த ஜாக் கிரேனி அடித்தது ஹிட். அதன் பிறகு இளைஞர் சமாளித்துக்கொண்டார். ஆனால், ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் போய், ஸ்கோர் 3-3 என்று சமமாகிவிட்டது.

அந்த இன்னிங்ஸில் பாஸ்டன் பேட் செய்யும்போது இளைஞரின் முறை வந்தது. மேனேஜர் பில் காரிகன் அவரை உட்கார வைத்துவிட்டு டஃபி லூயிஸை அனுப்பினார். ஒருவருக்குப் பதிலாக வேறொருவர் பேட் பிடிப்பதைத்தான் பேஸ்பாலில் ‘பின்ச் ஹிட்டர்’ என்பார்கள். (கிரிக்கெட்டில் இந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற.) அதற்குமுன் இரண்டு முறை ஆடியும் அந்த இளைஞர் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. முதல் முறை ஸ்ட்ரைக் அவுட். காரிகனின் கணக்கு பலித்தது. அதே இன்னிங்ஸில் ரன் வந்து பாஸ்டன் 4-3 என வென்றது. வெற்றி அந்த இளைஞரின் பெயரில் பதிவானது.

பேட் பிடிக்கத் தோதுப்படாது என்று அன்று உட்கார வைக்கப்பட்டவர்தான் பேப் ரூத். பின்னாளில் 714 ஹோம் ரன் அடித்தவர். பேஸ்பால் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த பெயர். ஆனால், இவருடைய முழுத் திறமை என்ன என்று கண்டுபிடிக்க, இந்த விளையாட்டைக் கரைத்துக் குடித்தவர்களுக்கே ஐந்து வருடம் பிடித்தது. ஏன் அவ்வளவு காலம்?

சட்டை தைக்கப் படித்தவர்

இயற்பெயர் ஜார்ஜ் ஹெர்மன் ரூத். பிறந்தது 1895 பிப்ரவரி 6, பால்டிமோரில். அப்பா மதுக்கடை நடத்தினார். வீட்டில் பிறந்த எட்டுக் குழந்தைகளில் தேறியது ஜார்ஜும் ஒரு தங்கையும்தான். கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருந்த பையனைச் சமாளிக்க முடியாமல், ஏழு வயதிலேயே செயின்ட் மேரீஸ் என்ற பள்ளியில் விட்டுவிட்டார்கள். கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய இடம் அது. பாதி அனாதை இல்லம், பாதி சீர்திருத்தப் பள்ளி. அங்கே சட்டை தைக்கக் கற்றுக்கொண்டார். பிரதர் மத்தயாஸ் என்ற ஆஜானுபாகுவான துறவியிடம் பேஸ்பால் கற்றுக்கொண்டார். இடக்கைக்காரரான ரூத், அங்கே வலக்கைக்காரர்களின் கையுறையை மாட்டிக்கொண்டு கேட்சராக நின்றிருக்கிறார்.

1914 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற இரண்டாம் நிலை அணியின் உரிமையாளர் ஜாக் டன் அவரை ஒப்பந்தம் செய்தார். ரூத் இன்னும் மேஜர் ஆகவில்லை என்பதால், சட்டப்படி டன் அவருக்குக் கார்டியன். டன்னின் குழந்தை என்று சக வீரர்கள் கிண்டல் செய்ததில்தான் ‘பேப்’ ஒட்டிக்கொண்டது.

அந்த வருடமே பால்டிமோரில் போட்டி லீக்கின் அணி ஒன்று முளைத்து, டன்னின் ரசிகர்களை அள்ளிக்கொண்டு போனது. கையில் காசில்லாத டன், ஜூலையில் மூன்று வீரர்களை பாஸ்டனுக்கு விற்றார். ரூத், இன்னொரு பிட்சர் எர்னி ஷோர், கேட்சர் பென் ஈகன்.

அந்த அறிமுகத்தை எப்படி எடைபோடுவது?

7 இன்னிங்ஸ், 8 ஹிட், 3 ரன், வெற்றி. காகிதத்தில் பார்த்தால் பாஸ் மார்க்குக்கு மேலே. ஆனால், கிளீவ்லாந்து அந்த சீசனில் கடைசி இடத்தில் முடித்த அணி. நம்ம பாஷையில் சொன்னால், பாயிண்ட்ஸ் டேபிளில் அடியில் கிடக்கும் டீமிடம் மூன்று விக்கெட் எடுத்த மாதிரி. நல்லதுதான், அதை வைத்து முடிவுக்கு வர முடியாது.

ஒப்பிட ஆளும் பக்கத்திலேயே இருந்தார். மூன்று நாள் கழித்து அதே கிளீவ்லாந்துக்கு எதிராக இறங்கிய எர்னி ஷோர், இரண்டே ஹிட் கொடுத்து 2-1 என வென்றார். அன்றைக்கு யாரிடம் கேட்டிருந்தாலும் டன் விற்ற இருவரில் பெரிய ஆளாக வரப்போவது ஷோர்தான் என்று சொல்லியிருப்பார்கள். ரூத்தின் இரண்டாவது மேட்ச் டெட்ராய்ட் அணிக்கு எதிராக. அதில் அடி வாங்கி, சீக்கிரமே வெளியேற்றப்பட்டார்.

அதோடு பெஞ்ச்தான். முதல் மேட்ச்சில் ரூத்துக்குப் பிறகு வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தாரே டச் லெனர்ட், அவரும் இடக்கைக்காரர். அந்த சீசனில் அவருடைய பந்துவீச்சு சராசரி 0.96. அதாவது ஃபீல்டிங் பிழைகளைக் கழித்துவிட்டால், ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு ரன்கூட விடவில்லை. அப்படி ஒருவர் இருக்கும்போது புதுசாக வந்த இடக்கைப் பையனுக்கு இடம் எங்கே? ஆகஸ்டில் ரூத்தை ப்ராவிடன்ஸ் கிரேஸ் என்ற கீழ்நிலை அணிக்கு அனுப்பினார்கள். டொரண்டோவில் நடந்த ஒரு மேட்ச்சில் ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து வென்றார், அதே மேட்ச்சில் ஒரு ஹோம் ரனும் அடித்தார். கீழ்நிலை லீக்கில் அவர் அடித்த ஒரே ஹோம் ரன் அதுதான்.

சீசன் கடைசியில் பாஸ்டனுக்குத் திரும்பினார். அந்த வருடம் மேஜர் லீக்கில் அவருடைய பேட்டிங் கணக்கு: 10 முறை ஆடி 2 ஹிட். இதைப் பார்த்துவிட்டு, இவரை ஹிட்டராக மாற்றலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், அவரைத்தான் ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள்.

பிரச்சினையே, பந்துவீச்சு நன்றாக இருந்ததுதான்

ரூத் சுமாரான பிட்சராக இருந்திருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தை நினைத்துப் பாருங்கள். 2010-ல் லெக் ஸ்பின்னராக, எட்டாம் இடத்தில் பேட் செய்ய வந்தவர். பந்துவீச்சு பெரிதாக எடுபடவில்லை, பேட்டிங் எடுபட்டது, மாற்றிவிட்டார்கள். யாருக்கும் இழப்பில்லை.

ரூத் விஷயம் அப்படி இல்லை. 1915-ல் 18 வெற்றி. 1916-ல் 23 வெற்றி, சராசரி 1.75. அந்த வருடம் 300-க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் வீசி, ஒரு ஹோம் ரன்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காலத்தின் மிகப் பெரிய பிட்சரான வால்டர் ஜான்சனுடன் மோதி, 13 இன்னிங்ஸ் வரை இழுத்த ஆட்டத்தை 1-0 என வென்றார். அதே வருடம் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் புரூக்ளினுக்கு எதிராக 14 இன்னிங்ஸ் தனி ஆளாக வீசி 2-1 வெற்றி. 1917-ல் 24 வெற்றி. நாட்டிலேயே சிறந்த இடக்கை பிட்சர் இவர்தான் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை.

நடுவில் குணமும் எட்டிப் பார்த்தது. 1917 ஜூனில் ஒரு மேட்ச்சில், முதல் ஆளையே வாக்கில் அனுப்பியதாக அறிவித்த நடுவரோடு சண்டை போட்டு, அவரைக் குத்தியே விட்டார். வெளியேற்றம், அபராதம், சஸ்பென்ஷன். அவருக்குப் பதிலாக வந்தவர் வேறு யாருமில்லை, எர்னி ஷோர். அதன் பிறகு எதிரணியில் ஒருவரும் தப்பவில்லை, 26 பேர் வரிசையாக அவுட்.

இதற்கிடையே பேட்டிங்கும் ஓரமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1915-ல் மொத்த பாஸ்டன் அணியும் சேர்ந்து அடித்த ஹோம் ரன்கள் 14. அதில் 4 ரூத்துடையவை, அதுவும் 92 முறை மட்டுமே ஆடி. ஹோம் ரன் என்பது அன்று அபூர்வம். ஒரு பந்தையே அழுக்கேறி நைந்துபோகும் வரை வைத்து ஆடுவார்கள். பிட்சர்கள் அதில் எச்சில் தடவி வீசவும் அனுமதி உண்டு. ஒரு ரன், ஒரு ரன்னாகச் சேர்ப்பதுதான் ஆட்டம். ஆகவே ஹோம் ரன்னை நம்பி ஒரு அணியைக் கட்டலாம் என்ற யோசனையே யாருக்கும் கிடையாது.

இங்கேதான் உண்மையான கணக்கு வருகிறது. முழு ஆட்டமும் வீசும் பிட்சரின் கை தேற மூன்று நாளாவது வேண்டும். 154 மேட்ச் உள்ள சீசனில் அவர் வீசுவது ஏறக்குறைய 40. மீதி நாட்களில் ரூத் சும்மா உட்கார்ந்திருந்தார். ஹிட்டர் என்றால் தினமும் ஆடலாம்.

போர் திறந்த கதவு

1918. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியிருந்தது. வீரர்கள் பலர் ராணுவத்துக்குப் போக, அணிகளில் ஆள் பஞ்சம். அணியின் மூத்த வீரர் ஹேரி ஹூப்பர், புது மேனேஜர் எட் பேரோவை நச்சரிக்கத் தொடங்கினார்: ரூத்தைத் தினமும் ஆடவிடுங்கள், அவர் ஆடும் நாளில்தான் கூட்டம் வருகிறது. பேரோ தயங்கினார். சிறந்த இடக்கை பிட்சரைப் பந்து வீசவிடாமல் வேறு இடத்தில் நிறுத்தினால் ஊர் சிரிக்கும் என்பது அவர் பயம். என்னைக் கேட்டால் அந்தப் பயத்தில் தப்பே இல்லை. தோற்றிருந்தால் பழி முழுக்க அவர் தலையில்தான்.

மே 6 அன்று முதல் பேஸில் வழக்கமாக நிற்பவருக்குக் காயம். வேறு வழியில்லாமல் ரூத்தை நிறுத்தினார்கள். ஹோம் ரன். மறுநாளும் ஹோம் ரன். அதற்கு அப்புறம் அவரைப் பேட்டிங்கிலிருந்து பிரிக்க முடியவில்லை. தினமும் ஆடிக்கொண்டே பந்தும் வீசுவது உடம்பைப் படுத்துகிறது என்று வீசவே மறுக்க ஆரம்பித்தார். ஜூலையில் பேரோவோடு முட்டிக்கொண்டு அணியைவிட்டே கிளம்பி, ஒரு கப்பல் கட்டும் தளத்தின் அணிக்கு ஆடப் போவதாக மிரட்டினார். பிறகு சமாதானம். அந்த வருடம் அவர் கணக்கு 13 வெற்றி, 11 ஹோம் ரன். சிகாகோவுக்கு எதிரான வேர்ல்ட் சீரிஸிலும் பந்து வீசி இரண்டு வெற்றி. 1916-ல் தொடங்கி வேர்ல்ட் சீரிஸில் ரன்னே கொடுக்காமல் தொடர்ந்து 29⅔ இன்னிங்ஸ். அந்தச் சாதனை 1961 வரை நின்றது.

இந்த இரட்டை வேலை எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு அளவுகோல்: ஒரே சீசனில் 10 வெற்றி, 10 ஹோம் ரன் என்பதை அமெரிக்கன் லீக்கில் அடுத்து எட்டியவர் ஜப்பானின் ஷோஹெய் ஒட்டானி. அது 2022-ல்.

1919-ல் ரூத் 29 ஹோம் ரன் அடித்து, 1884-லிருந்து நின்ற 27 என்ற சாதனையை உடைத்தார். பந்துவீச்சில் 9 வெற்றிதான். அந்த டிசம்பரில் பாஸ்டன் உரிமையாளர் ஹேரி ஃப்ரேஸி அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார். அங்கே விவாதம் முடிந்தது. 1920-ல் 54 ஹோம் ரன். அமெரிக்கன் லீக்கின் மற்ற ஏழு அணிகளில் ஒன்றுகூட, முழு அணியாகச் சேர்ந்தும், அவ்வளவு அடிக்கவில்லை. எச்சில் பந்துக்கு அந்த ஆண்டு கட்டுப்பாடு வந்ததும், புதுப் பந்துகள் அடிக்கடி மாற்றப்பட்டதும் உதவியது உண்மை. ஆனால், 29 அடித்தது அதற்கு முந்தைய வருடம். 1927-ல் 60. அவரை விற்ற பாஸ்டன் அடுத்த முறை வேர்ல்ட் சீரிஸ் வென்றது 2004-ல்.

எர்னி ஷோர் 65 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். மோசமில்லை. ஆனால், பந்துவீச்சை ஏறக்குறைய 24 வயதிலேயே விட்டுவிட்ட ரூத்தின் கணக்கில் 94 வெற்றி, 46 தோல்வி. 1935-ல் ஓய்வு, 1936-ல் ஹால் ஆஃப் ஃபேமின் முதல் ஐவரில் ஒருவர். 1948 ஆகஸ்ட் 16 அன்று புற்றுநோயால் இறந்தபோது வயது 53.

யாங்கீஸில் இருந்த 15 வருடத்தில் அவர் பந்து வீசியது ஐந்தே மேட்ச். ஐந்திலும் வெற்றி. கடைசி ஆட்டம் 1933 அக்டோபர் 1, சீசனின் இறுதி நாள். வயது 38. எதிரணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். ஒன்பது இன்னிங்ஸும் அவரே வீசினார், நடுவில் ஒரு ஹோம் ரனும் அடித்தார். யாங்கீஸ் வென்றது 6-5 என்று.